மருந்தை என் உடல் ஏற்கவில்லையாம்: எண்டோமெட்ரியோசிஸும் உட்கரு ஏற்பிகளும்

நொச்சி எழுதியது:

வணக்கம். இந்த இழையைத் தொடங்கப் பல நாள் தயங்கினேன். எனக்கு வயது 31. எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பை அகப்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், எனக்கு இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் லேப்ராஸ்கோப்பி அறுவை செய்து இடது சூலகத்தில் அந்த நோயால் உண்டான, பழைய ரத்தம் நிறைந்த சாக்லேட் கட்டியை எடுத்தார்கள். வலி திரும்பியதும், புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் மாத்திரையைத் தொடங்கினேன். பதினோரு மாதங்களாக ஒரு நாள் கூடத் தவறவில்லை. மாதவிடாய் நின்றுவிட்டது, ஆனால் வலி நிற்கவில்லை. மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் இயல்பான அளவில்தான் இருந்தன.

சென்ற மாதம் மருத்துவர், "உங்கள் உடம்பு மருந்தை ஏற்றுக்கொள்ளவில்லை" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டாயா என்று அம்மா கேட்டார். அவர் தவறாக எண்ணிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்து, குற்றம் என்மேல்தான் என்பது போல மனத்தில் தங்கிவிட்டன. ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் உடலின் எந்தப் பகுதி, எதை ஏற்கவில்லை? இதைத் தேடிப் படித்தபோது "உட்கரு ஏற்பி" என்ற சொல் மீண்டும் மீண்டும் வந்தது. அதை முறையாகப் படித்தவர்கள் யாராவது விளக்குவீர்களா? எளிமைக்காக எதையும் விட்டுவிட வேண்டாம். பொறுமையாகப் படிப்பேன்.

நீர்க்கடம்பு எழுதியது:

நொச்சி அவர்களுக்கு வணக்கம். நான் மருத்துவர் அல்லன். மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் ஹார்மோன் ஏற்பிகள் குறித்துப் பல ஆண்டுகள் பணியாற்றியவன். ஆகவே சிகிச்சையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்ட "எது, எதை" என்பதற்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சிலர் இதை அணுக்கரு ஏற்பி என்று எழுதுகிறார்கள். அணு உலை நினைவுக்கு வந்துவிடும் என்பதால், செல்லின் உட்கரு என்ற பொருளில் உட்கரு ஏற்பி என்பதையே நான் விரும்புகிறேன். இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஏற்பியைத் தொட்டு, அங்கிருந்து உள்ளே செய்தி அனுப்புகின்றன. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களோ கொழுப்பில் கரைபவை என்பதால் சவ்வைக் கடந்து உள்ளேயே போய்விடுகின்றன. உள்ளே அவற்றைப் பற்றிக்கொள்ளும் புரதம், நேராக டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, எந்த மரபணு பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்பதை மாற்றுகிறது. அந்தப் புரதமே உட்கரு ஏற்பி. மனிதரிடம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 48 மரபணுக்கள் உள்ளன. வைட்டமின் ஏ, வைட்டமின் டி, தைராய்டு ஹார்மோன், கார்ட்டிசால் ஆகியவற்றின் ஏற்பிகளும் இவற்றுள் அடக்கம்.

இப்படி ஓர் ஏற்பி இருக்கிறது என்பதை 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன் காட்டினார். டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்த ஈஸ்ட்ரடையாலை எலிகளுக்குச் செலுத்தி, அது எங்கே தங்குகிறது என்று பார்த்தார். தசையிலும் ரத்தத்திலும் வந்த வேகத்தில் மறைந்த அது, கருப்பையில் மட்டும் நெடுநேரம் தங்கியது, அதுவும் வேதி மாற்றம் எதுவும் இல்லாமல். ரத்தத்தில் எல்லா உறுப்புகளுக்கும் ஒரே ஹார்மோன்தான் போகிறது, அதைப் பிடித்துவைக்கும் பொருள் இருக்கும் இடத்தில்தான் அது வேலை செய்கிறது என்பது அன்றே தெளிவாயிற்று. உங்கள் ரத்தப் பரிசோதனை இயல்பாக இருப்பது ஏன் நோயைப் பற்றி அதிகம் சொல்வதில்லை என்பதற்கான விடையின் பாதி இதிலேயே இருக்கிறது.

அடுத்து ஒரு முக்கியமான திருப்பம். ஈஸ்ட்ரோஜனுக்கு ஒரே ஏற்பிதான் என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. 1996இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஆக்கே குஸ்தாஃப்சனின் குழு எலியின் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து இரண்டாவது ஏற்பியைக் கண்டெடுத்தது. முதலாவதற்கு ஆல்ஃபா, புதியதற்கு பீட்டா என்று பெயர். டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஹார்மோனைப் பற்றும் பகுதியில்தான் கணிசமாக வேறுபடுகின்றன. இயல்பான கருப்பை அகப்படலத்தில் ஆதிக்கம் செலுத்துவது ஆல்ஃபா. எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலோ இந்தச் சமநிலை தலைகீழாகிறது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் செர்தார் புலுன் குழுவினர் நோய்த்திசுவின் ஸ்ட்ரோமா (தாங்கு திசு) செல்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது, பீட்டா ஏற்பி இயல்பான அகப்படலச் செல்களைக் காட்டிலும் 100 மடங்குக்கும் மேல் இருந்தது. பீட்டா ஏற்பிக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியில் வழக்கமாக மெத்தில் குறிகள் என்ற சிறு வேதிக் குறிகள் ஒட்டியிருந்து அதை அடக்கிவைக்கும். நோய்த்திசுவில் அந்தக் குறிகள் உதிர்ந்துபோயிருந்தன. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அதன் மேல் இருந்த பூட்டுதான் திறந்துவிட்டது என்பதை 2007இல் வெளியிட்டார்கள்.

இப்போதைக்கு நிறுத்துகிறேன். புரோஜெஸ்டிரோன் ஏற்பியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்வி உண்மையில் அதைப் பற்றியதுதான்.

மைனா எழுதியது:

என் தங்கைக்கும் இதே நோய் என்பதால் நானும் இந்த இழையைத் தொடர்கிறேன். ஓர் ஐயம். பீட்டா ஏற்பி எவ்வளவு மிகுதியாக இருந்தாலும், பற்றிக்கொள்ள ஈஸ்ட்ரோஜன் வேண்டும் அல்லவா? சூலகத்தின் சுரப்பை அடக்கினால் எல்லாம் தானாக அடங்கிவிட வேண்டாமா?

நீர்க்கடம்பு எழுதியது:

மைனா அவர்கள் கேட்டதற்கு 1998இல் வெளியான ஒரு நோயாளியின் வரலாறே நல்ல விடை. 57 வயதான அந்தப் பெண்மணிக்குக் கருப்பையும் இரண்டு சூலகங்களும் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தன. அதன் பிறகும் நோய் கடுமையாகத் திரும்பியது. சூலகமே இல்லாத உடலில் ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு கொழுப்புத் திசுவிலிருந்து, மற்றொரு பங்கு நோய்த்திசுவிலிருந்தே. ஆண்ட்ரோஜன்கள் என்ற ஆண்பால் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதியைத் தடுக்கும் அனஸ்ட்ரோசோல் மருந்தைக் கொடுத்தபோது அவருடைய வலியும் குறைந்தது, கட்டியும் சுருங்கியது.

இயல்பான கருப்பை அகப்படலத்தில் அரோமட்டேஸ் கிட்டத்தட்ட இல்லை. நோய்த்திசுவில் அது ஏன் இருக்கிறது என்று தேடினால் மறுபடியும் உட்கரு ஏற்பிகளிடமே வந்து சேர்கிறோம். ஸ்டீராய்டோஜெனிக் ஃபேக்டர்-1, சுருக்கமாக எஸ்எஃப்-1 என்பது இந்தக் குடும்பத்தின் மற்றோர் உறுப்பினர். அட்ரினல் சுரப்பி, சூலகம், விந்தகம் ஆகிய ஹார்மோன் உற்பத்தி செய்யும் இடங்களே அதன் சொந்த ஊர். கருப்பை அகப்படலத்தில் அதற்கு வேலை இல்லை என்பதால் அங்கே அதன் மரபணு மெத்தில் குறிகளால் பூட்டப்பட்டிருக்கும். நோய்த்திசுவில் அந்தப் பூட்டும் திறந்து, எஸ்எஃப்-1 ஆயிரக்கணக்கான மடங்கு உயர்ந்திருக்கிறது. இயல்பான செல்லில் அரோமட்டேஸ் மரபணுவின் வாசலில் கூப்-டிஎஃப் என்ற இன்னோர் உட்கரு ஏற்பி காவலுக்கு அமர்ந்திருக்கும். எஸ்எஃப்-1 வந்ததும் அந்தக் காவலை விலக்கிவிட்டுத் தான் அமர்ந்து மரபணுவை இயக்குகிறது.

இதன் பிறகு ஒரு சுழல் தொடங்குகிறது. புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்பது மாதவிடாய் வலிக்கும் அழற்சிக்கும் காரணமான பொருள். நோய்த்திசுவில் அது எஸ்எஃப்-1 வழியாக அரோமட்டேஸைத் தூண்ட, அரோமட்டேஸ் ஈஸ்ட்ரடையாலை உண்டாக்க, ஈஸ்ட்ரடையால் பீட்டா ஏற்பியைப் பற்றி காக்ஸ்-2 நொதியைத் தூண்ட, காக்ஸ்-2 மேலும் புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்குகிறது. தனக்கு வேண்டிய ஹார்மோனைத் தானே சமைத்துக்கொள்ளும் திசு இது. கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் அந்தச் சமையலின் தடயம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

இனி நொச்சி அவர்களின் கேள்வி. புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஒரே மரபணுவிலிருந்து இரண்டு வடிவங்களில் உருவாகிறது. பி வடிவம் முழு நீளமானது. ஏ வடிவத்தில் முதல் 164 அமினோ அமிலங்கள் இல்லை. பல மரபணுக்களைத் தூண்டுவது பி, அதைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் ஏ. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நோய்த்திசுக்களில் பி வடிவத்தைக் காண முடியவில்லை, ஏ மட்டுமே இருந்தது. இங்கே பூட்டு திறப்பதற்குப் பதிலாக விழுந்திருக்கிறது. பி வடிவத்துக்கான பகுதியில் மெத்தில் குறிகள் மிகுந்துவிட்டன. தவிர, ஆல்ஃபா ஏற்பிதான் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை உண்டாக்கும்படி செல்லுக்குச் சொல்வது. பீட்டா மிகுந்து ஆல்ஃபாவை அடக்கிவிட்டதால் அந்தக் கட்டளையும் குறைந்துபோகிறது.

இதன் விளைவு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இயல்பான கருப்பையில் புரோஜெஸ்டிரோன் ஸ்ட்ரோமா செல்லிடம் பேசும். ஸ்ட்ரோமா செல் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலத்தை உண்டாக்கி அடுத்திருக்கும் மேற்பரப்புச் செல்லுக்கு அனுப்பும். அங்குள்ள ரெட்டினாயிக் அமில ஏற்பி, அதுவும் உட்கரு ஏற்பிதான், 17-பீட்டா-எச்எஸ்டி-2 என்ற நொதியை உண்டாக்கும். அந்த நொதி வீரியமான ஈஸ்ட்ரடையாலை வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்றிவிடும். இரண்டு செல்களும் அவற்றின் ஏற்பிகளும் கைகோத்துச் செய்யும் அழகான ஏற்பாடு இது. நோய்த்திசுவில் முதல் கண்ணியான புரோஜெஸ்டிரோன் ஏற்பியே தளர்ந்துவிட்டதால், உண்டான ஈஸ்ட்ரடையாலைத் தணிக்க ஆளில்லை. இதைத்தான் புரோஜெஸ்டிரோன் எதிர்ப்பு என்கிறார்கள்.

நொச்சி அவர்களே, "உடம்பு ஏற்கவில்லை" என்ற வாக்கியத்தை இப்போது திருத்தி எழுதலாம். மாதவிடாய் நின்றது என்பதே உங்கள் உடல் அந்த மருந்தை ஏற்றது என்பதற்குச் சான்று. மூளையும் சூலகமும் கருப்பையும் கேட்டன. கேட்காதது, ஏற்பியை இழந்த அந்தச் சிறு திசுக்களாக இருக்கலாம். நீங்கள் மாத்திரையை விழுங்கிய ஒழுங்குக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

செங்காந்தள் எழுதியது:

நான் மகளிர் நோய் மருத்துவர். நீர்க்கடம்பு ஐயா எழுதியதற்கு நன்றி. சில செய்திகளை மருத்துவத்தின் பக்கமிருந்து சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, நொச்சி தனியாள் அல்லர். உலகில் இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினர், அதாவது 19 கோடிப் பேர், இந்த நோயோடு வாழ்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் டைனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின் மருந்துகளால் போதிய நிவாரணம் பெறாதவர்கள் மூவரில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையில் எடுத்த திசுவில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி எவ்வளவு இருந்தது என்று சாயமேற்றிப் பார்த்து, அதே பெண்களுக்கு மருந்து பலித்ததா என்பதோடு ஒப்பிட்டார்கள். ஏற்பி நிறைந்திருந்தவர்களுக்கு மருந்து பலித்தது. மிகக் குறைந்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் பலிக்கவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் நம் கண்ணெதிரே இருக்கும் பெண்களிடம் நாம் காண்பதோடு பொருந்துகிறது.

இரண்டாவது, மருந்துகள் எந்தக் கதவைத் தட்டுகின்றன என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எலாகோலிக்ஸ், லூப்ரோலைடு போன்றவை, மூளை அனுப்பும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனின் ஏற்பியில் வேலை செய்பவை. அது செல்லின் சவ்வில் உள்ள ஏற்பி, உட்கரு ஏற்பி அன்று. அவை சூலகத்திலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கின்றன. அதனால் எலும்பு தேயும் அபாயம் உண்டு, கால வரம்பும் உண்டு. அரோமட்டேஸைத் தடுக்கும் லெட்ரோசோல் திசுவின் உள்ளூர் உற்பத்தியையும் சேர்த்துத் தடுக்கிறது. ஆனால் மாதவிடாய் நிற்காத வயதில் அதைத் தனியாகக் கொடுத்தால் சூலகம் தூண்டப்பட்டு நீர்க்கட்டிகள் உண்டாகலாம் என்பதால் வேறொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்கிறோம். 1970களில் அமெரிக்காவில் இந்த நோய்க்கு ஒப்புதல் பெற்ற டேனசோல் ஆண்ட்ரோஜன் ஏற்பியைப் பற்றுவது. வலி குறைந்தது, ஆனால் முகத்தில் முடி வளர்ந்தது, சிலருக்குக் குரல் கட்டைக் குரலாகி அப்படியே நின்றுவிட்டது. ஓர் ஏற்பி உடல் முழுவதும் இருக்கும்போது நோய்த்திசுவை மட்டும் தொடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தத் தலைமுறைப் பெண்கள் தங்கள் உடலால் நமக்குக் கற்பித்தார்கள். இன்னும் அந்தக் கடனை நாம் திருப்பவில்லை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது செய்தி கசப்பானது, ஆனால் சொல்லியாக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை நேரடியாக மறித்துவிடலாமே என்ற எண்ணம் பலருக்கும் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில், அறுவை முடிந்த 93 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ரலோக்சிஃபீன், மற்றவர்களுக்குப் போலி மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். ரலோக்சிஃபீன் பெற்றவர்களுக்குத்தான் வலி விரைவாகத் திரும்பியது. சோதனையை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. எலும்பில் ஈஸ்ட்ரோஜன் போலவும் மார்பகத்தில் அதற்கு எதிராகவும் நடந்துகொள்ளும் மருந்து அது. இடுப்புக்குழியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காகிதத்தில் கணித்துவிட முடியவில்லை.

வரகு எழுதியது:

மருந்தியல் துறையில் இருப்பவன் என்ற முறையில், நீர்க்கடம்பு ஐயாவின் விளக்கத்தில் பீட்டா ஏற்பி சற்று அதிகமாகவே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறது என்று பணிவோடு சொல்ல விரும்புகிறேன். 2005இல் ஈஆர்பி-041 என்ற மூலக்கூறை எலிகளில் சோதித்தார்கள். அது பீட்டா ஏற்பியைத் தடுப்பதன்று, குறிப்பாக அதையே தூண்டுவது. பீட்டாதான் நோயை வளர்க்கிறது என்றால் நோய் பெருகியிருக்க வேண்டும். மாறாக, பல எலிகளில் பொருத்தப்பட்டிருந்த நோய்த்திசு முற்றிலும் மறைந்தது. இதை ஒதுக்கிவைத்துவிட்டு நேர்கோட்டில் கதை சொல்வது சரியாகுமா?

நீர்க்கடம்பு எழுதியது:

வரகு அவர்களின் மறுப்பு நியாயமானது. அந்த ஆய்வை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு செய்திகளை மட்டும் எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். அந்த எலிகளில் பொருத்தப்பட்டது மனிதருடைய இயல்பான கருப்பை அகப்படலம். ஆண்டுக்கணக்கில் பூட்டுகள் மாறிப்போன நோய்த்திசு அன்று. அதில் பீட்டா ஏற்பி சொற்பமாகவே இருந்தது என்பதால், அந்த மூலக்கூறு நோய் எதிர்ப்புச் செல்களின் வழியாக வேலை செய்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர்களே கருதினார்கள். தவிர, எலிக்கு மாதவிடாய் கிடையாது. மாதவிடாய் வரும் பாபூன் குரங்குகளில் கிடைக்கும் முடிவுகளுக்கு நான் கூடுதல் எடை தருவதற்கு அதுவே காரணம்.

மறுபக்கத்துச் சான்றையும் வைக்கிறேன். ஹூஸ்டனில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பெர்ட் ஓமேலியின் குழு 2015இல் காட்டியது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. இடம் மாறி ஒட்டிய செல்லை அழிக்க உடல் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற செய்தியை அனுப்புகிறது. பீட்டா ஏற்பி உட்கருவில் மட்டும் நிற்காமல் சைட்டோபிளாசத்துக்கு வந்து, அந்தச் செய்தியை நிறைவேற்றும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு செல் மரணத்தைத் தடுத்துவிடுகிறது. அதோடு இன்ஃப்ளமசோம் என்ற அழற்சி இயந்திரத்தை இயக்கி இன்டர்லூக்கின்-1-பீட்டாவைப் பெருக்கி, செல் ஒட்டவும் பரவவும் உதவுகிறது. ஆக, ஓர் ஏற்பியை நல்லது கெட்டது என்று சொல்வதற்கில்லை. எந்தச் செல்லில், எந்தத் துணைப் புரதங்களோடு இருக்கிறது என்பதே கேள்வி என்ற அளவில் வரகு அவர்களோடு உடன்படுகிறேன். மரபியல் சான்றும் ஆல்ஃபாவை மறக்கவிடாது. 60,674 நோயாளிகளை உட்படுத்தி 2023இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு நோயோடு தொடர்புடைய 42 இடங்களைக் காட்டியது. ஆல்ஃபா ஏற்பியின் மரபணு அமைந்திருக்கும் ஆறாம் குரோமோசோம் பகுதியும் அவற்றுள் ஒன்று.

வரகு எழுதியது:

ஏற்கிறேன். இணைப்பாக ஒன்று. பாபூன்களில் பிபிஏஆர்-காமா என்ற உட்கரு ஏற்பியைத் தூண்டும் ரோசிகிளிட்டசோன் என்ற நீரிழிவு மருந்து நோய்த்திசுவைக் குறைத்தது. ஆனால் 2007இல் அம்மருந்தின் இதய ஆபத்து பற்றிய அச்சம் எழுந்தபின் அந்த வழி மனிதர்களிடம் முன்னேறவில்லை.

மைனா எழுதியது:

என் தங்கையைச் சோயா சாப்பிடவே கூடாது என்று ஒருவரும், வைட்டமின் டி சாப்பிட்டால் போதும் என்று ஒருவரும் சொல்கிறார்கள். இரண்டுமே ஏற்பிகளோடு தொடர்புடையவை என்று இப்போது புரிகிறது. எதை நம்புவது?

செங்காந்தள் எழுதியது:

சோயாவில் உள்ள ஜெனிஸ்டீன் பீட்டா ஏற்பியை ஆல்ஃபாவைக் காட்டிலும் நன்றாகப் பற்றும் என்பது உண்மை. அதிலிருந்து "சாப்பிட்டால் வலி கூடும்" என்றோ "குறையும்" என்றோ தாவ முடியாது என்பதற்கு வரகு அவர்களும் நீர்க்கடம்பு ஐயாவும் இங்கே நடத்திய உரையாடலே சான்று. வழக்கமான உணவில் சேரும் அளவுக்காக உங்கள் தங்கை அஞ்ச வேண்டியதில்லை. மாத்திரையாக விற்கப்படும் சோயா ஐசோஃபிளேவோன்களை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை, இந்த நோயுள்ள இளம்பெண்களிடம் நடந்த சோதனையில் அதை உட்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது, போலி மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. குறைபாடு இருந்தால் எலும்புக்காக அதைச் சரிசெய்யுங்கள். வலிக்கான மருந்தாக எண்ணி, இருக்கும் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம்.

நொச்சி எழுதியது:

இரண்டு நாட்களாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீர்க்கடம்பு ஐயாவின் இரண்டாவது பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லி, "அப்படியானால் மருந்துதான் அங்கே போய்ச் சேரவில்லையா?" என்று கேட்டார். மருந்து சேர்ந்தது, அதைக் கேட்கும் காதுதான் அங்கே இல்லாமல் இருக்கலாம் என்று சொன்னேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

செங்காந்தள் அம்மாவிடம் ஒரு கேள்வி. மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த என் திசுவை இப்போது எடுத்து, அதில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

செங்காந்தள் எழுதியது:

அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து நோய்க்கூற்றியல் ஆய்வகங்கள் பல ஆண்டுகள் வைத்திருப்பது வழக்கம். அந்த மெழுகுத் துண்டிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து ஏற்பிக்குச் சாயமேற்ற முடியும். மார்பகப் புற்றுநோய்க்கு அன்றாடம் செய்யும் பரிசோதனைதான். ஆனால் எண்டோமெட்ரியோசிஸுக்கு இது இன்னும் வழக்கமான பரிசோதனை ஆகவில்லை. எந்த அளவுக்குக் கீழே இருந்தால் எந்த மருந்துக்கு மாற வேண்டும் என்ற நெறிமுறையும் இல்லை. ஆகவே முடிவு வந்தாலும் அதை ஒரு குறிப்பாகக் கொள்ள வேண்டுமே தவிர, தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

இதைவிட முதலில் கேட்க வேண்டியவை சில உண்டு. வலி நோய்த்திசுவிலிருந்துதான் வருகிறதா, அல்லது கருப்பைத் தசைக்குள் அகப்படலம் ஊடுருவும் அடினோமயோசிஸ் சேர்ந்திருக்கிறதா, இடுப்புத்தளத் தசைகள் இறுகிவிட்டனவா, நீண்ட நாள் வலியால் நரம்புகளே கூர்மையடைந்துவிட்டனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கடைசி இரண்டுக்கும் எந்த ஏற்பி மருந்தும் போதாது, இயன்முறைச் சிகிச்சையும் வலி நிபுணரும் வேண்டும். குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. திசு அறிக்கையில் ஆய்வகத்தின் பதிவு எண் இருக்கும், அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

நொச்சி எழுதியது:

பழைய கோப்பைத் தேடி எடுத்துவிட்டேன். அறிக்கையின் மேல் மூலையில் எண் இருக்கிறது. வியாழக்கிழமை சந்திப்பு. நீங்கள் எழுதிய கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன், அம்மாவும் உடன் வருகிறார்.